வாசகர் கேட்டவை: பியர் வாளியும் இஞ்சிப் போத்தலும்

போன இதழில் வீட்டிலேயே வினிகர் செய்வது பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் வினிகரைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான், மற்ற எல்லோருக்கும் பியர். சரி, இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

அண்ணா, மெல்பர்னில் இருக்கிற என் மச்சான் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். ஒரு செட் சாமானைப் பார்சலில் போட்டு விடுகிறேன் என்கிறான். எங்கள் வீடு டவுனுக்குக் கொஞ்சம் மேலே, எப்போதும் குளிர். இங்கே செய்யலாமா?
— ஹட்டன் வாசகர்

தம்பி, அந்தக் குளிரில் பியர் அருமையாக வரும், ஆனால் சட்டம் விடாது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இந்த நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், அதற்கென்று பாத்திரமும் மூலப்பொருளும் வைத்திருப்பதும் குற்றம். "விற்கவில்லை சேர், நானும் மாமாவும் குடிக்கத்தான்" என்று சொன்னால் மதுவரித் திணைக்களக்காரர் சிரித்துக்கொண்டே வழக்கு எழுதுவார். மச்சான் இருக்கிற நாட்டில் சொந்தப் பாவனைக்கு அனுமதி உண்டு. இங்கிலாந்தில் 1963 வரை வீட்டில் காய்ச்சவும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அமெரிக்காவில் 1978இல்தான் சட்டம் மாறியது. நம் சட்டம் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போனது, அவன் ஊரில் மாறிவிட்டது, நம் ஊரில் அப்படியே கிடக்கிறது. நியாயமா என்று கேட்டால் என் கருத்து வேறு, ஆனால் பார்சலைத் திறக்கப் போவது நானில்லை, நீங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்த நாட்டில் பியர் தொழில் தொடங்கியதே நம் மலையில்தான். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பேர் வாங்கிய சாமுவேல் பேக்கர், அதற்கு முன் நுவரெலியாவில் பண்ணை போட்டு உட்கார்ந்திருந்தார். 1849 வாக்கில் அங்கே ஒரு சின்னப் பியர் ஆலையும் கட்டினார். லயன் கம்பனி தன் ஆரம்பமாகச் சொல்லிக்கொள்கிற 1881உம் நுவரெலியாக் கணக்குதான், பியகமவுக்கு இறங்கியதெல்லாம் 1990களில். பேக்கருக்குப் பிடித்தது இந்தக் குளிரும் ஊற்றுத் தண்ணீரும். பிரிட்ஜ் இல்லாத காலத்தில் கொழும்பு வெக்கையில் நல்ல பியர் எடுக்க முடியாது.

கை அரிக்கிறது என்றால் இஞ்சி பியர் செய்யுங்கள். சுத்தம் பார்ப்பது, சூடு பார்ப்பது, ஈஸ்ட் போடுவது, போத்தலில் வாயு ஏற்றுவது என்று வேலை எல்லாம் அதேதான். எப்படி என்று நுவரெலியாத் தங்கச்சியின் கேள்விக்குக் கீழே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தலவாக்கலை, இப்போது இருப்பது ஸ்கார்பரோவில். இங்கே கடையில் ஆரம்பக்காரருக்கான பியர் செட் 80 டொலருக்கும் இருக்கிறது, 600 டொலருக்கும் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் எல்லாமே வேண்டும் போல இருக்கிறது. எதை வாங்க, எதை விட?
— கனடா வாசகர்

உங்களுக்குச் சட்டத் தொல்லை இல்லை, விற்காத வரைக்கும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பியரைச் செய்வது ஈஸ்ட். நாம் செய்வது அதற்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, வேறு கிருமி வராமல் காவல் இருந்து, சூடு குளிர் பார்ப்பது மட்டும். அந்த மூன்றுக்கும் உதவாத எதையும் முதல் வருடத்தில் வாங்காதீர்கள். 600 டொலர் செட்டில் மினுங்குகிற ஸ்டீல் சாமான் பெரும்பாலும் உங்கள் முதுகு நோவைக் குறைக்கும், பியரின் ருசியை அவ்வளவாகக் கூட்டாது.

முதலில் வாளி. 20 லீட்டர் பியருக்கு 27, 30 லீட்டர் கொள்ளும் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடியோடு. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், உணவுக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்க வேண்டும். மேலே நாலு விரல் உயரத்துக்கு மேல் வெற்றிடம் விட வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் நாள் நுரை மூடியைத் தூக்கிக்கொண்டு சுவர் வரைக்கும் போகும். பெரிய கண்ணாடிக் குடுவை அழகாக இருக்கும், ஆனால் 23 லீட்டர் நிறைந்த கண்ணாடி ஈரக் கையில் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், அந்தக் குடுவை உடைந்து கையில் தையல் போட்டவர்கள் நிறையப் பேர். வாளிக்கு அடியில் குழாய் வைத்தது கிடைத்தால் இன்னும் வசதி, ஆனால் அந்தக் குழாயை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். அழுக்கு ஒளிந்துகொள்வது அங்கேதான்.

மூடியில் குத்துகிற ஏர்லாக் ஒரு சின்னச் சாமான், உள்ளே உண்டாகிற வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. அது குமிழி விடுவதை வைத்துப் பியர் முடிந்ததா இல்லையா என்று மட்டும் தீர்மானிக்காதீர்கள். மூடி கொஞ்சம் கசிந்தால் குமிழியே வராது, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். அதற்குத்தான் ஹைட்ரோமீட்டர். பால் சேகரிக்கிற இடத்தில் கேனுக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, தலவாக்கலைக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை, இதுவும் அதே ஜாதிதான். இனிப்பு கூடுதலாக இருந்தால் மேலே மிதக்கும், ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன கீழே இறங்கும். ஆரம்பத்தில் 1.045 காட்டியது கடைசியில் 1.010க்கு வந்தால் ஏறக்குறைய 4.6 சதவீத மது. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் பார்த்து இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால்தான் போத்தலில் ஊற்றலாம். பல ஹைட்ரோமீட்டர் 20 பாகைச் சூட்டுக்கு அளவு செய்தது, கொதிக்கக் கொதிக்க வைத்துப் பார்த்தால் பொய் சொல்லும். செட்டில் இது இல்லை என்றால் அந்தச் செட்டை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

பிறகு கிருமிநீக்கி. கழுவுவது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை, இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பாதிப் பேருக்கு முதல் பியர் புளித்துக் கெடுகிறது. முதலில் வாசனை இல்லாத சோப்பால் அழுக்கு போகக் கழுவி, அலசி, அப்புறம் ஸ்டார் சான் போன்ற அமில வகைக் கரைசலில் நனைத்து எடுக்க வேண்டும். சொன்ன அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலந்தால் திரும்ப அலசத் தேவையில்லை, மிச்ச நுரையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வாளியைக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. கீறல் விழுந்தால் அது கிருமிக்குக் காம்பரா கட்டிக் கொடுத்த மாதிரி, எந்தக் கரைசலும் உள்ளே போகாது.

பானை விஷயத்தில் காசைச் சேமிக்கலாம். நம் ஆட்கள் வீட்டில் கலியாணம் காதுகுத்துக்குச் சோறு வடிக்கிற பெரிய பானை எப்படியும் இருக்கும். 12 லீட்டர் பானை இருந்தாலும் போதும், பாதித் தண்ணீரில் மோல்ட் சாறை, அதாவது முளைவிட்ட பார்லியில் இருந்து எடுத்த இனிப்புப் பாகை, கொதிக்க வைத்து, மீதியைக் குளிர்ந்த தண்ணீராக வாளியில் சேர்க்கலாம், கலவை ஆறுகிற நேரமும் மிச்சம். மோல்ட் சாறு ஊற்றும்போது மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுக் கலக்குங்கள், அடிப்பிடித்தால் அந்தக் கருகல் கடைசி மிடறு வரைக்கும் இருக்கும். திரும்பக் கொதி வரும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பால் பொங்குவதை விட வேகமாகப் பொங்கும்.

டின்னில் வருகிற சாறோடு "1 கிலோ சீனி சேர்க்கவும்" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சீனிக்குப் பதிலாக இன்னொரு டின்னோ மோல்ட் பவுடரோ போடுங்கள். வெறும் சீனி மது அளவை ஏற்றும், பியரின் உடம்பை மெலிய வைக்கும். டின்னின் மூடிக்குள் ஒட்டியிருக்கிற ஈஸ்ட் எத்தனை மாதம் எந்த வெக்கையில் கிடந்ததோ தெரியாது, ஐந்தாறு டொலர் கொடுத்து 11 கிராம் பக்கெட் ஒன்று தனியாக வாங்குவதுதான் இந்தத் தொழிலிலேயே ஆக லாபமான செலவு என்பேன்.

சூடு பற்றி இரண்டு வார்த்தை. ஆரம்பக்காரர் செய்கிற சாதாரண பியர் வகைக்கு ஏல் என்று பெயர், அதன் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 பாகை சுகம். 25க்கு மேலே போனால் பழ வாசனையும் தலையிடி தருகிற ஒரு காரமும் வரும், 14க்குக் கீழே தூங்கிவிடும். குளிரில் புளிக்கிற லாகர் வகை வேண்டும் என்றால் 10 முதல் 13 பாகையில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும், அதைப் பிறகு பார்க்கலாம். ஸ்கார்பரோ பேஸ்மென்ட் குளிர்காலத்தில் இருக்கிற குளிருக்கு வாளியை மாடிக்கு ஏற்றிவிடுங்கள், கோடையில் கீழே இறக்குங்கள். வாளியின் வெளிப்பக்கம் ஒட்டுகிற தெர்மோமீட்டர் பட்டி சில டொலர்தான்.

போத்தலுக்கு மண்ணிறக் கண்ணாடி. பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் பட்டால், பியருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஹொப்ஸ் பூவின் சாரம் கெட்டு ஒரு நாற்றம் வரும். திருகித் திறக்கிற வாய் உள்ளவை மூடி அடிக்கிற கருவிக்குச் சரியாகப் பிடிக்காது. போத்தலில் ஊற்றும்போது லீட்டருக்கு 6 கிராம் சீனி, அதாவது 20 லீட்டருக்கு 120 கிராம். அதை ஒரு கப் தண்ணீரில் காய்ச்சி மொத்தப் பியரிலும் மெதுவாகக் கலந்துவிடுங்கள், ஒவ்வொரு போத்தலுக்கும் கரண்டியால் போட்டால் ஒன்று சப்பென்றும் ஒன்று பீறிட்டும் போகும். இரண்டு வாரம் சாதாரண அறைச் சூட்டில், பிறகு பிரிட்ஜில்.

கெக் என்கிற ஸ்டீல் பீப்பா, செம்புச் சுருள் குளிர்விப்பான், கூம்பு வடிவத் தொட்டி, தானியத்தை அரைக்கிற மெஷின், இரண்டாவது வாளிக்கு மாற்றுகிற கதை, இவை எதுவும் வேண்டாம். பாவித்த சாமான் விற்கிறவர்கள் அங்கே நிறைய, ஆசையில் தொடங்கி அலுத்துப் போனவர்கள். ஸ்டீல் பானையும் மூடி அடிக்கிற கருவியும் பழையதாக வாங்கலாம், பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் குழாயும் கட்டாயம் புதிது. அபார்ட்மென்டில் இருந்தால் 5 லீட்டர் செட்டே போதும், சமையலறையில் மனைவியோடு சண்டை வராது.

அண்ணா, இஞ்சி பியர் செய்து போத்தலில் ஊற்றி வைத்தேன். ஒரு வாரம் ஆகியும் வாயு ஏறவில்லை, வெறும் இஞ்சித் தேத்தண்ணி மாதிரி இருக்கிறது. என்ன பிழை?
— நுவரெலியா வாசகி

பிழை உங்கள் ஊரின் குளிர், தங்கச்சி. இணையத்தில் போடுகிற செய்முறை எல்லாம் 25, 28 பாகைக்காரர்கள் எழுதியது. "இரண்டு நாளில் தயார்" என்பது சென்னைக்கும் கொழும்புக்கும் சரி. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், இராத்திரி 10 பாகைக்குப் பக்கத்தில் இறங்குகிற ஊர், தை மாசத்தில் புல்லில் உறைபனி பிடிக்கிறது. ஈஸ்ட் சாகவில்லை, போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. போத்தல்களை ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் வெந்நீர் நிரப்பிய போத்தல் ஒன்றை வைத்து மூடுங்கள், காலையும் மாலையும் வெந்நீரை மாற்றுங்கள். மூன்று நாலு நாளில் விழித்துவிடும். அடுப்புத் திட்டின் மேல் வைக்காதீர்கள், ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் குளிர்ந்து அதுவும் கெட்டுப் போகும்.

அடுத்த தடவைக்கு அளவு சொல்கிறேன். 4 லீட்டர் தண்ணீர், 200 கிராம் இஞ்சி, 400 கிராம் சீனி, தேசிக்காய் மூன்று. இஞ்சி சின்னச் சின்ன விரலாக, நார் உள்ளதாக இருந்தால் காரம் தூக்கும், வெள்ளையாகப் பருத்ததில் தண்ணீர்தான் அதிகம். தட்டிப் போட்டுச் சீனியோடு பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். (உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகத் தாமதிப்பதும் அதனால்தான். கிருமி சாவதற்கு அந்தச் சூடு போதும்.) இறக்கி, தேசிக்காய்ச் சாறு விட்டு, கையில் ஊற்றினால் சுடாத பதத்துக்கு ஆற விட்டு, வடித்து, பாணுக்குப் போடுகிற ஈஸ்ட் கால் தேக்கரண்டி. பொங்கும் சூட்டில் போட்டால் அப்போதே செத்துவிடும், பலருக்கு நடப்பது இதுதான். சீனியில் கால்வாசிக்குப் பதிலாகக் கித்துள் பாணி விட்டுப் பாருங்கள், நிறமும் ருசியும் வேறு மாதிரி வரும்.

பாண் ஈஸ்ட் வாசனை பிடிக்காதவர்கள் இஞ்சியிலேயே ஈஸ்ட் பிடிக்கலாம். கழுவிய இஞ்சியைத் தோலோடு துருவி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, ஒரு கப் ஆறிய தண்ணீரில் போட்டுத் துணியால் மூடி, தினமும் அதே அளவு சேர்த்துக் கலக்க வேண்டும். கொழும்பில் ஐந்து நாள் என்றால் நுவரெலியாவில் பத்து நாள் ஆகலாம். நுரைத்து வந்தால் வடித்த அந்தத் தண்ணீர் ஒரு கப், ஈஸ்ட்டுக்குப் பதில்.

இந்த இஞ்சி பியருக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. மலையில் கோப்பிச் செடியின் இலையில் துரு நோய் விழுந்தபோது அதை ஆராய 1880இல் இங்கே அனுப்பப்பட்டவர் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர். நோய் ஒரு பூஞ்சையால் வருகிறது, அதன் வித்து காற்றில் பரவுகிறது என்று காட்டினார், கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை, தேயிலை வந்தது, மிச்சக் கதை நம் வீட்டுக் கதை. அதே வார்ட்தான் ஊருக்குத் திரும்பிப் போய் 1892இல், ஆங்கிலேயர் வீடுகளில் இஞ்சி பியர் செய்யப் பாவித்த ஜவ்வரிசி மாதிரியான உருண்டை என்னவென்று பிரித்துப் பார்த்து, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பக்டீரியாவும் ஒன்றையொன்று அண்டி வாழ்கிற கூட்டு அது என்று எழுதினார். கோப்பியில் தோற்றவருக்கு இஞ்சியில் ஜெயம்.

இஞ்சி பியர் ஊற்றி வைத்த சாராயப் போத்தல் இராத்திரி வெடித்து அலுமாரிக் கண்ணாடி எல்லாம் போச்சு. யாருக்கும் காயமில்லை. சீனி கூடிவிட்டதா?
— பண்டாரவளை வாசகர்

காயமில்லாதது உங்கள் அதிர்ஷ்டம். சீனி எவ்வளவு போட்டாலும் ஈஸ்ட் விடாமல் தின்னும், மூடிய போத்தலில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சாராயப் போத்தலும் ஜாம் போத்தலும் அழுத்தத்துக்குச் செய்தவையே அல்ல. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் மட்டும் பாவியுங்கள், தண்ணீர் வந்த மெல்லிய போத்தலும் கூடாது. மேலே மூன்று விரல் இடம் விட்டு மூடி, தினமும் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியதும் பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். பிரிட்ஜ் ஈஸ்ட்டை மெதுவாக்கும், நிறுத்தாது. திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், முகத்துக்கு நேரே வேண்டாம்.

கசிப்புக் குடித்து ஆட்கள் சாகிறார்கள், கண் போகிறது. வெளிநாட்டில் வீட்டில் பியர் செய்கிறவர்களுக்கு மட்டும் ஏன் அப்படி நடப்பதில்லை? இஞ்சி பியரில் அந்த விஷம் வராதா?
— மஸ்கெலியா வாசகி

வராது அக்கா. கண்ணைப் பறிப்பது மெதனோல். சீனியும் தானியமும் புளிக்கும்போது அது உண்டாவது மிக மிக அற்பம், பியரில் உடம்புக்குத் தீங்கு செய்கிற அளவுக்கு வருவதில்லை. பெரிய அளவில் நடக்கிற சாவுகளுக்குக் காரணம், தொழிற்சாலைக்கான மலிவு மெதனோலை யாரோ காசாசையில் கலந்து விடுவது. காய்ச்சி வடிப்பதில் அதற்கு மேல் தீ, ஆவி, துருப்பிடித்த பீப்பா என்று வேறு ஆபத்துகளும் உண்டு, கசிப்பில் என்னென்ன போடுகிறார்கள் என்பது காய்ச்சுகிறவனுக்கே முழுக்கத் தெரியாது. புளிக்க வைப்பது வேறு, வடிப்பது வேறு. இரண்டாவதன் பக்கமே போகக் கூடாது, எந்த நாட்டில் இருந்தாலும்.

இஞ்சி பியரில் மது இருக்குமா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
— பதுளை வாசகி

கொஞ்சம் இருக்கும். ஈஸ்ட் சீனியைத் தின்றால் பாதி வாயு, பாதி மது, ஏறக்குறைய சம எடை. கடைச் சோடா அளவுக்கு வாயு ஏறுகிற கட்டத்தில் பிரிட்ஜில் வைத்தால் ஒரு சதவீதத்துக்குக் கீழே நிற்கும். வெளியே மறந்துவிட்டால் ஏறும், அது சட்டத்தின் பக்கமும் உங்களைத் தள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் வேண்டாம். அவர்களுக்கு ஈஸ்ட் போடுவதற்கு முன்பே அந்த இஞ்சிச் சாறில் ஒரு போத்தல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, குடிக்கிற நேரத்தில் கடைச் சோடா கலந்து கொடுங்கள், வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.